டேமா, பிஐஎஃப் எண்களா? காத்திருக்கும் டாஸ் நிரலை அடக்கும் வழிகள்

1993இல் எங்கள் அலுவலகத்தில் இருந்தது 4 மெகாபைட் நினைவகம் கொண்ட ஒரே ஒரு 386 கணினி. திரையில் வேர்ட்ஸ்டாரைத் திறந்து ஒருவர் கடிதம் அடித்துக்கொண்டிருப்பார். பின்னணியில் கிளிப்பர் என்ற நிரல்மொழியில் எழுதிய சம்பளக் கணக்கு நிரல் மாதக் கடைசி அறிக்கையைத் தயாரித்துக்கொண்டிருக்கும். கடிதம் அடிப்பவர் கையை எடுத்துவிட்டு யோசனையில் உட்கார்ந்திருந்தாலும் அறிக்கையின் வேகம் கூடாது. யாரும் எதுவும் செய்யாத நேரத்தில் சிபியு (செயலி) எங்கே போகிறது என்று தேடப் போய், விண்டோஸ் 3.1இன் பிஐஎஃப் அமைப்புகள், பல நிரல்களைச் சேர்த்து ஓட்டும் டெஸ்க்வியூ, ஓஎஸ்/2 இயங்குதளம் எல்லாவற்றையும் முயன்றுவிட்டு, டெஸ்க்வியூவோடு, சும்மா காத்திருக்கும் நிரலை அடக்கும் டேம் என்ற சிறு நிரலைச் சேர்த்து ஓட்டுவதில் வந்து நின்றேன்.

சிபியு போன இடம் வேர்ட்ஸ்டாரேதான். டாஸ் என்ற பழைய இயங்குதளத்தின் நிரல்களில் பெரும்பாலானவை கணினி முழுவதும் தமக்கே சொந்தம் என்ற எண்ணத்தில் எழுதப்பட்டவை. விசை ஏதாவது அழுத்தப்பட்டதா என்று இன்டரப்ட் 16 என்ற விசைப்பலகை அழைப்பு வழியாகக் கேட்கும். இல்லை என்று பதில் வந்தால் மறுகணமே மீண்டும் கேட்கும். நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை இதே கேள்வி. கணினியில் ஒரே நிரல் ஓடும்வரை இதனால் நட்டமில்லை. ஒரே நேரத்தில் பல நிரல்களை ஓட்டும் பல்பணி வந்ததும் நிலைமை மாறிவிடுகிறது. மேற்பார்வை செய்யும் மென்பொருளுக்குக் கேள்வி கேட்பதும் வேலை செய்வதும் ஒன்றுபோலவே தெரிவதால், வெறுமனே காத்திருக்கும் நிரலுக்கும் முழு நேரத்துண்டை (ஒவ்வொரு நிரலுக்கும் முறைவைத்துக் கிடைக்கும் சிபியு நேரத்தை) அளந்து கொடுத்துவிடுகிறது.

முதலில் பிஐஎஃப் வழி. அந்த விண்டோஸில் ஒவ்வொரு டாஸ் நிரலுக்கும், அதை எப்படி ஓட்ட வேண்டும் என்று சொல்லும் ஒரு பிஐஎஃப் கோப்பு இருந்தது. அதில் முன்னணி முன்னுரிமை 100, பின்னணி முன்னுரிமை 50 என்பது இயல்பாக வரும் எண்கள். இரண்டு டாஸ் நிரல்கள் மட்டும் ஓடினால், முன்னால் இருப்பதற்கு மூன்றில் இரண்டு பங்கு, பின்னால் இருப்பதற்கு ஒரு பங்கு. அறிக்கை வேகமாக வர வேண்டும் என்று பின்னணி எண்ணை 300 ஆக்கினேன். அறிக்கை வேகமெடுத்தது. ஆனால் தட்டச்சு செய்யும்போது எழுத்துகள் தயங்கித் தயங்கித் திரைக்கு வந்தன. காரணம் எளிது: இந்த எண்கள் பங்கை மாற்றிப் பிரிக்குமே தவிர, வீணாவதை மிச்சப்படுத்தாது. முன்னால் இருப்பவர் தட்டச்சு செய்தாலும் சும்மா இருந்தாலும் அதே பங்குதான். ஒருவர் பசியோடு இருக்கிறாரா, சாப்பிட்டு முடித்துவிட்டாரா என்று பார்க்காமல் இலை போட்ட எல்லோருக்கும் ஒரே அளவில் சோறு வைத்துக்கொண்டே போவதுபோல.

சும்மா இருக்கும் நேரத்தைக் கண்டுபிடிக்க விண்டோஸிலேயே ஒரு வசதி இருந்தது. பிஐஎஃப் எடிட்டரின் மேம்பட்ட அமைப்புகளில் ஒரு சிறு கட்டம். டிக் செய்தால் உண்டு, எடுத்தால் இல்லை. சில நிரல்களுக்கு அது நன்றாகவே வேலை செய்தது. இல்லை என்று சொல்ல மாட்டேன்.

டேம் செய்வதும் ஏறக்குறைய இதே வேலைதான். நினைவகத்தில் தங்கி, நிரலுக்கும் விசைப்பலகை இன்டரப்ட்டுக்கும் நடுவில் உட்கார்ந்துகொள்கிறது. ஒரு கடிகாரத் துடிப்புக்குள் நிரல் எத்தனை முறை கேட்கிறது என்று எண்ணுகிறது. இந்தக் கணினிகளில் நொடிக்கு 18.2 துடிப்புகள், அதாவது ஒரு துடிப்பு சுமார் 55 மில்லிநொடி. கேள்விகள் நாம் குறித்த எண்ணிக்கையைத் தாண்டினால், இந்த நிரல் காத்திருக்கிறது என்று முடிவு செய்து மீதி நேரத்துண்டைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. டெஸ்க்வியூவில் அதற்கு இன்டரப்ட் 15. விண்டோஸிலும் ஓஎஸ்/2விலும் இன்டரப்ட் 2எஃப், செயல் எண் 1680. விசை அழுத்தியதும் நிரல் விழித்துக்கொள்கிறது. வேர்ட்ஸ்டாருக்கு இதைப் பொருத்திய அன்று, கடிதக்காரர் யோசிக்கும்போதெல்லாம் அறிக்கை ஓட்டமெடுத்தது. தட்டச்சில் தயக்கமே இல்லை. அந்த மகிழ்ச்சி இன்னும் நினைவிருக்கிறது.

அப்படியானால் விண்டோஸின் கட்டத்தை விட டேம் எதில் மேல்? என் தேர்வைத் தீர்மானித்தது ஒரே ஒரு விஷயம்: தவறான கணிப்பை யார் திருத்துவது?

சும்மா இருப்பதுபோல் தோன்றும் எல்லா நிரலும் சும்மா இருப்பதில்லை. எங்கள் சம்பள நிரலையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஊழியரின் கணக்கையும் முடித்த பிறகு, யாராவது எஸ்கேப் விசையை அழுத்தி நிறுத்தச் சொன்னார்களா என்று ஒருமுறை பார்க்கும். நல்ல பழக்கம்தான். ஆனால் சிறிய கோப்பில் கணக்குகள் மளமளவென்று முடியும்போது இந்தக் கேள்விகளும் அடுத்தடுத்து வருகின்றன. கண்காணிப்பவருக்கு அது காத்திருப்பதாகத் தோன்றிவிடும். உண்மையில் உழைக்கும் நிரலிடமிருந்து நேரம் பிடுங்கப்படும். விண்டோஸில் இப்படி நடந்தபோது எனக்கிருந்த ஒரே வழி, கட்டத்தில் டிக்கை எடுப்பது. எடுத்தால், அறிக்கை முடிந்து நிரல் தன் மெனுவில் நிற்கும்போது மீண்டும் பழைய வீணடிப்பு. இரண்டுக்கும் நடுவில் ஒரு நிலை கிடையாது.

டேமில் அந்த நடுநிலை உண்டு. சம்பள நிரலுக்கு எண்ணிக்கையை உயர்த்தினேன். அறிக்கை ஓடும்போது கேள்விகள் அந்த அளவை எட்டவில்லை. மெனுவில் நிற்கும்போது கேள்விகள் அதைவிடப் பல மடங்கு வருவதால் உடனே அடங்கிவிட்டது. சரியான எண்ணைக் கண்டுபிடிக்க இரண்டு மாலைகள் பிடித்தன. அதை அந்த நிரலைத் தொடங்கும் பேட்ச் கோப்பில் (கட்டளைகளை வரிசையாக எழுதி வைக்கும் கோப்பில்) ஒரு வரியாக எழுதி வைத்த பிறகு, மீண்டும் தொட வேண்டியிருக்கவில்லை. வேர்ட்ஸ்டாருக்கு ஒரு வரி, சம்பள நிரலுக்கு ஒரு வரி, பராமரிப்பு அவ்வளவுதான்.

இன்னொரு சோதனையில் இது இன்னும் தெளிவானது. இரண்டு கணினிகளை சீரியல் கேபிளால் இணைத்துக் கோப்புகளை மாற்றும் நிரல் ஒன்று இருந்தது. அது விசைப்பலகையையும் சீரியல் போர்ட்டையும் ஒரே சுற்றில் மாறி மாறிப் பார்க்கும். கோப்பு வந்துகொண்டிருக்கும்போது யாரும் விசையைத் தொடுவதில்லை. ஆகவே அது சும்மா இருக்கிறது என்று டேமும் தவறாகவே எண்ணியது. நொடிக்கு 9600 பிட் வேகத்தில் ஏறத்தாழ மில்லிநொடிக்கு ஓர் எழுத்து வந்து நிற்கும். அதை வாங்கிப் போட வேண்டியவரைத் தூங்கவைத்தால் கோப்பு நகராது. அந்த நிரலுக்கு மட்டும் டேமை ஏற்றாமல் விட்டேன். மோடம் வைத்து நாளெல்லாம் ஓட்டிய அனுபவம் எனக்கில்லை. அப்படி ஓட்டுபவர்கள் என் எண்களை நம்பாமல், தாங்களே சோதித்துப் பார்ப்பது நல்லது.

டேமின் குறைகளையும் சொல்லியாக வேண்டும். அது தங்கும் சில கிலோபைட்டும், டாஸ் நிரல்களுக்குக் கிடைக்கும் 640 கிலோபைட்டிலிருந்துதான் போகும். டெஸ்க்வியூவைத் தொடங்கும் முன்பே ஏற்றினால் எல்லாச் சாளரங்களிலும் அந்த இடம் போகும். தேவையான சாளரத்துக்குள் மட்டும் ஏற்றுவதே மேல். அடுத்தது, இன்டரப்ட்டைக் கேட்காமல் நினைவகத்தில் அழுத்திய விசைகள் சேரும் இடையகத்தையே நேராக எட்டிப் பார்க்கும் நிரல்கள் உண்டு. நடுவில் உட்கார்ந்திருப்பவருக்குப் பக்கத்து வாசல் வழியே போனவரைத் தெரியாது. மறுபக்கம், டாஸிடமே விசைக்காகக் காத்திருக்கச் சொல்லும் ஒழுங்கான நிரல்களும் உண்டு. அவை காத்திருப்பதைப் பல்பணி மென்பொருளே அறிந்துகொள்ளும் என்பதால் அவற்றுக்கு இது தேவையே இல்லை.

டெஸ்க்வியூவைப் பற்றி நீட்டத் தேவையில்லை. அமெரிக்காவின் சாண்டா மோனிகாவில் இருந்த குவார்ட்டர்டெக் நிறுவனம் அதை 1985இல் வெளியிட்டது. டாஸ் நிரல்களை மட்டும் ஓட்டுபவருக்கு, 4 மெகாபைட்டில், விண்டோஸை விடச் சுமை குறைவு. படம் வரையும் நிரல்கள் வேண்டுமென்றால் விண்டோஸில் இருந்துகொண்டே டேமைப் பயன்படுத்த முடிந்தது.

நேர்மையாகப் பார்த்தால் டேமுக்கு உண்மையான போட்டி ஓஎஸ்/2தான். 1992இல் வந்த 2.0 பதிப்பிலேயே ஒவ்வொரு டாஸ் சாளரத்துக்கும் தனித்தனியாக ஐடில் சென்சிடிவிட்டி (சும்மா இருப்பதை உணரும் அளவு) என்ற அமைப்பு இருந்தது. இயல்பு 75, 100 என்று வைத்தால் கண்காணிப்பே இல்லை. எத்தனை நொடி பொறுத்து நேரத்தைக் குறைக்க வேண்டும் என்பதற்கும் தனி அமைப்பு. டேம் தரும் அந்த நடுநிலை, 640 கிலோபைட்டில் ஒரு பைட்டும் கேட்காமல் இங்கே கிடைக்கிறது. 8 மெகாபைட் இருந்திருந்தால் என் முடிவு மாறியிருக்கக்கூடும். எங்கள் 4 மெகாபைட்டில் ஓஎஸ்/2 ஓயாமல் வட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தது. மூன்று வாரத்தில் கழற்றிவிட்டேன். அந்த மூன்று வாரத்தை வைத்து அதன் கணிப்பு எவ்வளவு துல்லியம் என்று தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

விலையைப் பொறுத்தவரை டேம் அப்போது ஷேர்வேர். ஓட்டிப் பார்த்துப் பிடித்திருந்தால் பணம் அனுப்பினால் போதும் என்றிருந்தது. ஏற்கெனவே டெஸ்க்வியூவோ விண்டோஸோ வைத்திருப்பவர் புதிய இயங்குதளம் வாங்காமலே முயன்று பார்க்க முடிந்தது.

பின்னர் விண்டோஸ் 95 வந்தபோது, டாஸ் நிரலின் பண்புகள் பக்கத்தில் அந்தப் பழைய கட்டம் இருந்த இடத்தில், குறைவிலிருந்து அதிகம் வரை இழுக்கக்கூடிய ஒரு நகர்த்தி வந்திருந்தது. வேர்ட்ஸ்டாருக்கு அதுவே போதுமானதாக இருந்ததால் அதன் பேட்ச் கோப்பிலிருந்து டேம் வரியை நீக்கினேன். சம்பள நிரலின் கோப்பில் அந்த வரி, அந்த நிரலையே கைவிடும்வரை அப்படியே இருந்தது.