மாமாவின் பழைய கெப்பும் டீசல் பம்பும்

கனடாவிலிருந்து ஊருக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் வேன் பிடிப்பார்கள். எங்களுக்கு அந்தத் தேவை இல்லை. நுவரெலியாவில் மாமாவிடம் தொண்ணூறுகளில் வந்த டொயோட்டா ஹைலக்ஸ் டபுள் கெப் (இரண்டு வரிசை சீட் உள்ள பிக்கப்) இருக்கிறது, 2.8 லீட்டர் டீசல். கந்தப்பளையிலிருந்து லீக்ஸும் கரட்டும் ஏற்றும் வண்டி. நாங்கள் போனால் எங்களையும் ஏற்றும். இந்த முறை கண்டியிலிருந்து வரும்போது இறம்பொடை தாண்டியதும் மூச்சு வாங்க ஆரம்பித்தது. எவ்வளவு மிதித்தாலும் இரண்டாம் கியரைத் தாண்டவில்லை. சமதரையில் ஒரு குறையும் கிடையாது. காலையில் ஸ்டார்ட் ஆகத்தான் வெகுநேரம் எடுக்கும்.

டவுனில் பெரிய போர்டு போட்ட ஒரு கராஜுக்கு முதலில் போனோம். பொனட்டைத் திறந்தார்கள், இரண்டு தடவை ரேஸ் பண்ணினார்கள். "இஞ்செக்டர் பம்ப் போயிருச்சு, மாத்தணும்" என்று விலையும் சொல்லிவிட்டார்கள். ஒரு ஹோஸைக்கூடத் தொட்டுப் பார்க்கவில்லை. சொன்ன விலை, ஒரு குடும்பம் கொழும்பில் கல்யாணம் பார்த்துவிட்டு வரும் செலவு. "யோசிச்சிட்டு வாறோம்" என்று மாமா பொனட்டைத் தானே சாத்தினார்.

அப்புறம்தான் நானுஓயா ரோட்டில் மாமாவுக்குத் தெரிந்த பாஸிடம் போனோம்; ஊரில் மெக்கானிக்கை அப்படித்தான் கூப்பிடுவார்கள். தகரக் கொட்டகை, போர்டு கிடையாது. பாஸ் ஸ்பேனரை எடுக்கும் முன் கேள்விதான் கேட்டார்.

"ஏத்தத்துல மட்டுந்தானா? டேங்க் நெறைய இருக்கப்பவும் இப்படியா?"

"பாதிக்குக் கீழ போனா ரொம்ப மோசம் பாஸ்" என்றார் மாமா.

"அப்ப பம்புக்கு இப்ப அவசரம் இல்ல."

கனடாவில் என் பெட்ரோல் பிக்கப்பில் சாவியைத் திருப்பினால் டேங்குக்குள் இருக்கும் மின்சாரப் பம்ப் இரண்டு விநாடி முனகும். சத்தம் வராவிட்டால் ஃபியூஸ், ரிலே பார்த்துவிட்டுப் பம்பை மாற்றுவார்கள். இந்த ஹைலக்ஸில் அப்படி ஒன்றுமே இல்லை. எஞ்சினுக்கு டீசலை அழுத்தி அனுப்பும், முன்னால் டைமிங் பெல்ட்டில் ஓடும் இஞ்செக்டர் பம்ப்தான் பின்னால் இருக்கும் டேங்கிலிருந்து டீசலை உறிஞ்ச வேண்டும். வழியில் ஃபில்டரும், அதன் தலையில் கையால் அமுக்கும் சின்னப் பம்பும் மட்டும்தான். ஏற்றத்தில் வண்டி மூக்கைத் தூக்கினால் டேங்க் இன்னும் கீழே போகிறது, எஞ்சின் கேட்கும் டீசலும் கூடுகிறது. இதில் நுவரெலியா 1,868 மீட்டர் உயரம். காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்குதான். உறிஞ்சும் பம்புக்கு டீசலைத் தள்ளிக் கொடுப்பதே அந்த அழுத்தம்தானே. ஆகவே எங்காவது ஊசி முனையளவு ஓட்டை இருந்தாலும் மலையில் முதலில் தெரிந்துவிடும். அந்த ஓட்டையில் டீசல் வெளியே சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும். தரையில் ஈரம் இல்லையே என்று நம்பி இருக்க முடியாது.

பாஸ் பம்புக்குப் போகும் ஹோஸைக் கழற்றிவிட்டு, உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் குழாய் ஒன்றை மாட்டினார். ஸ்டார்ட் பண்ணியதும் டீசலோடு குமிழிகள் வரிசையாக ஓடின. சரி, காற்று போவது நிச்சயம். அடுத்ததாக ஒரு கேனில் சுத்தமான டீசலை ஊற்றி இடது சீட்டில் வைத்தார். இரண்டு குழாய்களை ஜன்னல் வழியாகப் பொனட்டுக்குள் விட்டு, ஒன்றைப் பம்ப் உறிஞ்சவும் மற்றதை மிச்சம் திரும்பி வரவும் மாட்டினார். வேலை பழகும் பையன் கேனை மடியில் அணைத்துக்கொண்டு உட்கார, பாஸ் வண்டியைத் தோட்டத்து ரோட்டில் ஏற்றினார். மூன்றாம் கியரில் திணறாமல் ஏறியது! டேங்கையும் ஃபில்டரையும் விட்டுவிட்டால் வண்டி ஓடுகிறது என்றால், விலை பேசப்பட்ட பம்பில் கோளாறு இல்லை.

குற்றவாளிகள் இரண்டு பேர். கைப்பம்பின் உள்ளே இருக்கும் ரப்பர் வெடித்திருந்தது, டேங்குக்குப் பக்கத்து ஹோஸும் வளைத்தால் பிளந்தது. கைப்பம்ப் தலை நுவரெலியாவில் கிடைக்கவில்லை. கொழும்பில் வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தைக்குப் போன் போட்டு, பஸ்ஸில் அனுப்பச் சொல்லி வாங்கினோம். மாற்றிய பிறகு கைப்பம்பைக் கெட்டியாகும்வரை அமுக்கிக் காற்றை வெளியேற்றினார். குழாயில் குமிழி நின்றுவிட்டது.

காலை ஸ்டார்ட் மட்டும் முழுதாகச் சரியாகவில்லை. இஞ்செக்டர் பம்பில் ஆக்சிலேட்டர் தண்டு பக்கம் லேசாக டீசல் கசிந்திருந்தது. ராத்திரி நிற்கும்போது அந்த வழியாகக் காற்று புகுந்து டீசல் டேங்குக்கு இறங்கிவிடுகிறது. அதற்கும் புதுப் பம்ப் வேண்டாம், சீல் செட் போதும். பெல்ட் அடையாளங்களைக் குறித்துக்கொண்டு பம்பைக் கழற்றி, டீசல் பம்ப் வேலை மட்டும் செய்யும் கண்டிக் கடை ஒன்றுக்கு அனுப்பினார். சீல் மாற்றி, சோதனை மேசையில் ஓட்டி டீசல் அளவு பார்த்து வந்தது. மாட்டும்போது நுண்ணளவு காட்டும் டயல் கேஜ் வைத்து, டீசல் பாயும் நேரமான டைமிங்கைப் பாஸ் பார்த்தார். கண்மட்டத்தில் வைத்து இறுக்கிவிடும் கராஜ்களும் ஊரில் உண்டு. கேஜ் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுக் கொடுப்பது நல்லது.

2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் டீசலில் மண்ணெண்ணெய் கலந்து ஓடிய வண்டிகளின் பம்புகள்தான் தன்னிடம் அதிகம் வந்தன என்றார் பாஸ். அந்த ஆகஸ்டில் 340 ரூபாயாக ஏற்றும்வரை மண்ணெண்ணெய் லீட்டர் 87 ரூபாய், டீசலோ 400க்கு மேல். யார்தான் கலக்க மாட்டார்கள்? ஆனால் இந்தப் பம்புக்கு டீசலே எண்ணெய். மண்ணெண்ணெயில் அந்த வழுவழுப்பு இல்லாததால் உள்ளே தேய்ந்துவிடும்.

மொத்தச் செலவு முதல் கராஜ் சொன்னதில் பாதிகூட வரவில்லை. பில் ஃபில்டர் பெட்டி அட்டையில் எழுதப்பட்டது, கேரண்டி வாய்வார்த்தை. எனக்கு அது பிடிக்கவில்லை, கண்டிக் கடையிலாவது ரசீது தந்திருக்கலாம். பழைய சாமான்களைக் கேட்காமலே கையில் கொடுத்தார்கள், அது பிடித்தது.

அப்புறம் வெலிமடைக்குப் போய் ஹக்கலை வழியாகத் திரும்பினோம். ஏற்றத்தில் தயங்கவே இல்லை. கறுப்புப் புகை மட்டும் கொஞ்சம் இருக்கிறது. அது இஞ்செக்டர் நொசில் வேலையாம்; கரட் விலை ஏறட்டும், பிறகு பார்க்கலாம் என்கிறார் மாமா.