மூணு வருஷமா கையில பழைய படேக் ஃபிலிப் 5035

ஸ்விஸ் கம்பெனி படேக் ஃபிலிப்போட இந்த கைக்கடிகாரத்தை செகண்ட் ஹேண்டுல வாங்கி மூணு வருஷம் முடிஞ்சிருச்சு. 18 கேரட் மஞ்சள் தங்கம், 37 மில்லிமீட்டர், இப்ப வர்ற வாட்சுங்க பக்கத்துல வச்சா சின்னதாத்தான் தெரியும், ஆனா முழுக்கை சட்டைக்குள்ள சத்தமில்லாம போய் உட்கார்ந்துக்கும், எனக்கு அதான் வேணும்.

1996ல வந்த மாடல், ஆனுவல் கேலண்டர்ங்கிறதை படேக் முதல்ல கொண்டு வந்ததே இதுலதான். எந்த மாசத்துக்கு 30, எதுக்கு 31ன்னு அதுவே பார்த்துக்கும், பிப்ரவரிய மட்டும் 30 நாள்னு எடுத்துக்கும், அதனால வருஷத்துக்கு ஒரே தடவை, மார்ச் 1 காலைல, நாம கை வைக்கணும். லீப் வருஷத்தையும் தானா கணக்குப் பண்ணிக்கிற பர்பெச்சுவல் கேலண்டர் வாட்சுல 2100 வரைக்கும் அந்த வேலையும் கிடையாது, ஆனா அந்த விலைக்கு நான் எங்க போக. நிஜமாவே எனக்கு அந்த மார்ச் 1 பிடிச்சுப் போச்சு, காபியை வச்சுட்டு வெளிச்சத்துல உட்கார்ந்து பார்த்தா டயல்ல 6ங்கிற இடத்துல தேதி 29னு நிக்கும், கேஸ், அதாவது வாட்சோட தங்க உடம்பு, அதோட ஓரத்துல உள்ள குட்டி பட்டனை அமுக்கினா 30, இன்னொரு அமுக்கு, 1. 2024 லீப் வருஷம், ஒரே அமுக்குதான்.

கஷ்டம் எங்கன்னா கழட்டி வச்சு நின்னு போச்சுன்னா கிழமை, தேதி, மாசம் மூணையும் தனித்தனியா நகர்த்தணும். காய்ச்சல்ல பத்து நாள் படுத்திருந்தப்ப அப்படித்தான் ஆச்சு. ராத்திரி நேரத்துல மட்டும் பட்டனைத் தொடாதீங்க, தேதி மாத்துற பல்சக்கரம் அப்ப பிடிச்சிருக்கும். டயல்ல 24 மணி நேர முள்ளு இருக்கே, முதல்ல அதைப் பார்த்து காலைக்குக் கொண்டு வந்துட்டு அப்புறம் அமுக்குங்க.

வாங்கப் போறவங்க தங்க முத்திரையையும் லக் (ஸ்ட்ராப் மாட்டுற கொம்பு) ஓரத்தையும் லென்ஸ் வச்சுப் பாருங்க, முத்திரை மழுங்கியிருந்தா நிறைய தடவை பாலிஷ் போட்டிருக்காங்கன்னு அர்த்தம், போன தங்கம் திரும்ப வராது. ஸ்ட்ராப் தோல்தான், வேர்வைல சீக்கிரம் ஊறிடுது, ரெண்டு மாத்திட்டேன்.

என்னோடதுல ஒரு பட்டனைச் சுத்தி முடி கணக்கா ரெண்டு கீறல், முன்னாடி வச்சிருந்தவர் ஊசியால அமுக்கியிருப்பார் போல. நான் நுனி மழுக்கின பல்குச்சிதான் வச்சிருக்கேன். போன சர்வீஸ்ல பாலிஷ் போடவான்னு கேட்டாங்க, வேண்டாம்னு சொல்லி அப்படியே வாங்கிட்டு வந்துட்டேன்.