கடைக்காரர் சொல்வதா, கார்டு சொல்வதா?

ஆஸ்திரேலியப் புள்ளியியல் பணியகம் பல ஆண்டுகளாகச் சில்லறை விற்பனையைக் கடைக்காரர்களிடமே கேட்டு வாங்கியது. பெரிய நிறுவனங்கள் சுமார் 700, மாதம் தவறாமல். சிறு கடைகளில் சுமார் 2,700 மாதிரிக்கு எடுத்தார்கள். ஷட்டரை இறக்கிவிட்டு பில் கட்டைப் பிரித்து, போன மாத விற்பனையைக் கூட்டிச் சொல்ல வேண்டும். ஒரே ஆள் நடத்தும் காபிக் கடைக்கு அது கூலியில்லாத வேலை.

2025 ஜூன் மாதக் கணக்கோடு அந்த வெளியீடு நின்றது. இப்போது இருப்பது மாதாந்தரக் குடும்பச் செலவுக் குறியீடு. வங்கிப் பரிவர்த்தனை, சூப்பர் மார்க்கெட் ஸ்கேனர் பதிவு, புது வாகன விற்பனை என்று ஏற்கெனவே எங்கோ பதிவானதை எடுத்துக்கொள்கிறார்கள். கடைக்காரருக்கு வேலையே இல்லை. பழையதில் வராத மருத்துவர் கட்டணமும் விமான டிக்கெட்டும் இதில் வந்துவிடுகின்றன.

சரி, இழப்பு? கார்டைத் தேய்த்தால் எந்தக் கடை, எவ்வளவு என்பதுதான் தெரியும். பையில் போனது சட்டையா சமையல் சட்டியா என்று தெரியாது. ரொக்கமாகக் கொடுத்ததை மதிப்பிட்டுத்தான் சேர்க்க முடியும். வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணி வாங்கியதும் கல்லாவில் விழும், ஆனால் அது உள்நாட்டுக் குடும்பச் செலவு அல்ல. ஆக, பழைய எண்களையும் புதிய எண்களையும் ஒட்டவைத்து ஒரே வரைபடமாகப் போடுவது சரியில்லை.

பொருளாதாரத்தின் போக்கு தெரிந்தால் போதும் என்றால் நான் புதியதைத்தான் எடுப்பேன். கடைத்தெருவின் வாடகையைப் பேசப் போகிறவருக்குப் பழையதுதான் உதவியிருக்கும்.