8 ஜிபி லேப்டாப்பும் ஹாட்ஸ்பாட் நெட்டும் போதும்: இன்கஸ் எப்படி இருக்கிறது?

பாளையங்கோட்டையில் சாயங்கால நேரம் கல்லூரிப் பிள்ளைகளுக்கு லினக்ஸ் சொல்லிக்கொடுக்கிறேன். அம்பாசமுத்திரம், நாங்குநேரி, தாழையூத்து என்று பல பக்கமிருந்தும் பஸ் ஏறி வருகிறார்கள். கையில் இருப்பது பெரும்பாலும் அண்ணனோ அக்காவோ வேலைக்குப் போனதும் விட்டுச்சென்ற 8 ஜிபி ராம் லேப்டாப், நெட் என்றால் செல்போன் ஹாட்ஸ்பாட். இதை வைத்துக்கொண்டு விஎம், அதாவது லேப்டாப்புக்குள்ளேயே ஓடும் இன்னொரு கணினி, ஓட்டிப் பழக எது நல்லது என்று கேட்கிற எல்லோரிடமும் நான் சொல்வது இன்கஸ். விஎம்களை உருவாக்கி நிர்வகிக்கிற லினக்ஸ் மென்பொருள் அது.

இதில் எல்லாமே டெர்மினலில் கமாண்ட்தான். 'இன்கஸ் லாஞ்ச்' என்று அடித்து, எந்த லினக்ஸ், என்ன பெயர் என்று சொல்லி, கூடவே 'விஎம்' என்ற ஆப்ஷனைச் சேர்த்தால் இமேஜை (அந்த லினக்ஸின் தயார்ப் பிரதியை) இறக்கி முழு இயந்திரத்தையும் கிளப்பிவிடும். அந்த ஆப்ஷனை விட்டுவிட்டால் அதே கமாண்ட் கன்டெய்னரை உருவாக்கும். கன்டெய்னர் நம் லேப்டாப்பின் கெர்னலையே, அதாவது லினக்ஸின் மையப் பகுதியையே, பங்குபோட்டுக்கொள்ளும், விஎம்முக்கு அதன் சொந்தக் கெர்னல். வெப் சர்வர் பழக கன்டெய்னரே போதும். கெர்னல் மாட்யூல் ஏற்றுவது, டிஸ்க்கைப் பிரிப்பது, பூட் ஆகும்போது என்னென்ன நடக்கிறது என்று பார்ப்பது, இதற்கெல்லாம் விஎம்தான் வேண்டும். இரண்டுக்கும் ஒரே கமாண்டுகள் என்பது எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது, ஒன்றைக் கற்றால் மற்றது தானாக வந்துவிடும்.

நாம் எதுவும் சொல்லாவிட்டால் ஒரு விஎம்முக்கு 1 சிபியு, 1 ஜிபி ராம், 10 ஜிபி டிஸ்க் என்று ஒதுக்கும். டெஸ்க்டாப் இல்லாத டெபியன் லினக்ஸுக்கு இது தாராளம். டெஸ்க்டாப் திரை எதுவும் உள்ளே ஓடாததால் 8 ஜிபியில் நாலு இயந்திரங்களைக் கிளப்பி, ஒன்றை ரவுட்டர், ஒன்றை டேட்டாபேஸ் என்று வைத்து நெட்வொர்க்கே கட்டிப் பார்க்கலாம். பிள்ளைகள் அவற்றுக்குப் பாபநாசம், சேரன்மகாதேவி, சீவலப்பேரி என்று தாமிரபரணி ஓடுகிற வரிசையில் பெயர் வைக்கிறார்கள். பெயரை ஆங்கில எழுத்து, எண், நடுக்கோடு இவற்றில்தான் வைக்க முடியும், தமிழில் வைக்க விடாது.

உள்ளே போக 'இன்கஸ் எக்ஸெக்'. விஎம்முக்குள் ஒரு சின்ன ஏஜென்ட் ஓடுகிறது, அது விசாக் என்ற தனி வழியில் லேப்டாப்போடு பேசுகிறது. அதனால் ஃபயர்வால் பாடத்தில் யாராவது எல்லாப் போர்ட்டையும் அடைத்து, நெட்வொர்க் வழியாக உள்ளே நுழையும் எஸ்எஸ்ஹெச்சையும் சேர்த்துப் பூட்டிவிட்டால்கூட நாம் உள்ளே போய்ச் சரிசெய்யலாம்.

ஆனால் நான் இதை இவ்வளவு தூக்கிப்பிடிக்கக் காரணம் ஸ்னாப்ஷாட், அதாவது விஎம் இப்போது இருக்கிற நிலையை அப்படியே பதிந்துவைப்பது. லினக்ஸ் பழகுகிறவர்களைத் தடுப்பது பயம்தான். எதையாவது அழித்துவிட்டால் வீட்டில் என்ன சொல்வது என்று முழு அதிகாரமுள்ள ரூட் கமாண்ட் அடிக்கவே கை வராது. ஒரு வகுப்பில் ஒரு பையன் தப்பான இடத்தில் அழிக்கிற ஆர்எம் கமாண்டைப் போட்டு, கமாண்டுகளே இருக்கிற 'பின்' (bin) டைரக்டரியை முழுக்கக் காலி செய்துவிட்டான். ஃபைல்களைப் பட்டியலிடும் எல்எஸ் அடித்தாலும் அப்படி ஒரு கமாண்டே இல்லை என்று வருகிறது. "சார், எல்லாம் போச்சு சார்" என்று முகம் வெளிறி நின்றான். "ஏல, வெளிய வந்து ரீஸ்டோர் போடு" என்றேன். பாடம் தொடங்கும்போது எடுத்துவைத்த 'சுத்தம்' என்ற ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பச் சொல்லி ஒரே வரி அடித்தான், விஎம் நின்று மறுபடி கிளம்பியது, எல்எஸ் வேலை செய்தது. அடுத்த நிமிடமே பக்கத்திலிருந்த பிள்ளை, வேண்டுமென்றே தன் விஎம்மை உடைத்து, எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று பார்க்க ஆரம்பித்துவிட்டாள். எனக்கு வேண்டியதும் இதுதான்.

இந்த வேகம் எல்லோருக்கும் கிடைக்காது, ஸ்டோரேஜை எப்படி வைத்திருக்கிறோம் என்பதைப் பொறுத்தது. நிறுவியதும் முதலில் 'இன்கஸ் அட்மின் இனிட்' செய்யும்போது மினிமல் என்று கொடுத்தால் சாதாரண டைரக்டரியில் எல்லாவற்றையும் வைத்துக்கொள்ளும், அப்போது ஒவ்வொரு ஸ்னாப்ஷாட்டும் முழு டிஸ்க்கையும் காப்பி எடுக்கும். பழைய ஹார்டுடிஸ்க்கில் அது நடந்து முடிய டீ குடித்துவிட்டு வரலாம். ஜெட்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டத்தைப் போட்டால் மாறிய பகுதிக்கு மட்டும்தான் இடம் எடுக்கும், கண் மூடித் திறப்பதற்குள் முடியும். பிடிஆர்எஃப்எஸ் என்ற இன்னொன்று கன்டெய்னருக்கு நல்லது, விஎம்முக்கு அதை நான் சொல்லமாட்டேன்.

அப்புறம் டேட்டா. இங்கே தினசரி ரீசார்ஜ் பேக்கில் படிக்கிறவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்கவேண்டும். இறக்கி வைத்த இமேஜுக்குப் புதுப் பதிப்பு வந்திருக்கிறதா என்று இன்கஸ் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை தானாகப் பார்க்கும், இருந்தால் கேட்காமலே இறக்கிவிடும். ஒவ்வொன்றும் சில நூறு எம்பி. அதுபோக, 10 நாள் யாரும் தொடாத இமேஜை அழித்துவிடும், பரீட்சை லீவு முடிந்து வந்தால் மறுபடி முதலிலிருந்து இறக்கவேண்டும். வேகமான நெட் உள்ள டேட்டா சென்டருக்கு இது சரியான ஏற்பாடு, நம் ஊருக்கு இல்லை. வழி சுலபம்: ஆட்டோ அப்டேட் இடைவெளியை 0 என்று மாற்றிவிடுங்கள், இமேஜை 'இன்கஸ் இமேஜ் காப்பி' மூலம் உங்கள் பெயரிலேயே சேமித்துக்கொள்ளுங்கள். பிறகு 'எக்ஸ்போர்ட்' செய்து பென்டிரைவில் போட்டால் அடுத்த லேப்டாப்பில் 'இம்போர்ட்' செய்துகொள்ளலாம். எங்கள் வகுப்பில் ஒருவர் இறக்கினால் எல்லோருக்கும் ஆயிற்று.

கரண்ட் விஷயத்திலும் குறை சொல்ல முடியாது. பேட்டரி செத்த லேப்டாப் மின்தடையில் அணைந்து, திரும்பக் கிளம்பினால், முன்பு ஓடிக்கொண்டிருந்த விஎம்கள் தாமாகவே எழுந்துவிடும்.

நிறுவுகிற நாளில் கொஞ்சம் பொறுமை வேண்டும். பயாஸில் விர்ச்சுவலைசேஷன் அணைந்திருந்தால் விஎம் ஓடாது, பழைய லேப்டாப்புகளில் முதலில் அதைப் பாருங்கள். ஆர்ச் லினக்ஸ் போன்ற சில இமேஜ்கள், பூட் ஆகும்போது கையொப்பம் சரிபார்க்கும் செக்யூர் பூட்டோடு ஒத்துப்போகாது, அந்த விஎம்முக்கு மட்டும் அதை அணைக்கவேண்டும். இன்னொன்று முக்கியமானது: இன்கஸ்-அட்மின் குழுவில் ஒருவரைச் சேர்த்தால் அந்த லேப்டாப்பின் ரூட் அதிகாரத்தையே கொடுத்ததற்குச் சமம். பொதுக் கணினியில் எல்லோரையும் அதில் சேர்க்காதீர்கள், வெறும் இன்கஸ் குழுவில் போட்டால் ஆளுக்கொரு தனி இடம் கிடைக்கும். விண்டோஸிலும் மேக்கிலும் கிளையன்ட் மட்டும்தான் வரும், இயந்திரங்கள் ஓட எங்கோ ஒரு லினக்ஸ் இருக்கவேண்டும். மேக் வைத்திருப்பவர்கள் லிமாவைப் பாருங்கள், விண்டோஸில் உபுண்டு மட்டும் போதுமென்றால் மல்டிபாஸ்.

நாளைக்கு நின்றுவிடுமோ என்று ஒரு பெற்றோர் கேட்டார், நியாயமான கேள்வி. இதே வேலையைச் செய்யும் எல்எக்ஸ்டி திட்டத்தை, உபுண்டுவை உருவாக்கும் கனானிகல் நிறுவனம் 2023இல் தன் கைக்குள் எடுத்துக்கொண்டபோது, அலெக்ஸா சராய் என்ற டெவலப்பர் அதிலிருந்து பிரித்ததுதான் இன்கஸ். எல்எக்ஸ்டியை முன்பு வழிநடத்திய ஸ்டெஃபான் கிராபரும் இங்கே வந்துவிட்டார். 2024 ஏப்ரலில் வந்த 6.0 பதிப்புக்கு 2029 ஜூன் வரை ஆதரவு உண்டு, டெபியன் 13இல் ஆப்ட் கமாண்ட் மூலமே நிறுவக் கிடைக்கிறது, காசு எதுவும் இல்லை.

கொஞ்சம் பழகியவர்கள் இதன்மேல் சொந்தக் கருவி எழுதிப் பாருங்கள். நாம் அடிக்கிற கமாண்ட் ஒவ்வொன்றும் பின்னால் ஓடும் இன்கஸ் சேவையிடம் (டீமன்) ரெஸ்ட் ஏபிஐ வழியாகத்தான் பேசுகிறது, 'இன்கஸ் குவெரி' போட்டு அந்தப் பேச்சை ஜேசனாகவே பார்க்கலாம். மூன்றாம் வருடப் பிள்ளைகள் இருவர் கோ மொழியில் எழுதிய சின்னக் கமாண்ட் ஒன்று, வகுப்பு முடிந்ததும் எல்லா விஎம்மையும் 'சுத்தம்' நிலைக்குக் கொண்டுபோய் நிறுத்துகிறது. இப்போது அதில் டிஸ்க் எவ்வளவு மிச்சம் என்று காட்டும் பகுதியைச் சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள்.