குலசை தசராவுக்கு போட்டோ எடுக்க ஆள் பேசுகிறவர்கள் கவனத்துக்கு

தூத்துக்குடி மாவட்டத்துக் குலசேகரன்பட்டினத்தைத்தான் குலசை என்கிறோம். அங்கே முத்தாரம்மனுக்கு நேர்ந்துகொண்டு வேடம் கட்டுகிற தசராவுக்கு இன்னும் நாள் இருக்கிறது. ஆனால் நல்ல போட்டோகிராபர் கிடைக்காமல் போய்விடுவாரோ என்று பயந்து பலரும் ஆடி மாசமே அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறார்கள். நாங்களும் அப்படித்தான் கொடுத்தோம். அதனால்தான் இப்போதே எழுதுகிறேன். புகார் விசாரணையில் இருப்பதால் ஸ்டூடியோ பெயரைச் சொல்லவில்லை. கமெண்டில் கேட்காதீர்கள்.

அம்மாவுக்கு இதயத்தில் ஆபரேஷன் நடந்த அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றபடி தம்பி நேர்ந்துகொண்டான். அம்மா எழுந்து நடந்தால் குலசேகரன்பட்டினம் முத்தாரம்மனுக்குக் காளி வேடம். அம்மா நடந்தாள். 2025 தசராவுக்கு அவன் 41 நாள் மாலை போட்டான். வேடம் கட்டுகிறவர்கள் எல்லாருமே விரதம் இருப்பார்கள்தான், ஆனால் காளிக்கு அது ரொம்பக் கடுமை. மாலை போட்டவர்கள் தங்கும் ஊர்க் குடிலிலேயே படுக்கை, ஒருவேளை பச்சரிசிச் சோறு, காலில் செருப்பு கிடையாது. கொடியேறியதும் கோயிலில் காப்பு கட்டிக்கொண்டு, ஊர் தசரா செட்டோடு, அதாவது வேடம் கட்டிய குழுவோடு, வீடு வீடாகப் போய் தர்மம் எடுத்தான். அவனுக்குப் பக்கத்தில் அனுமன், குறத்தி, எமன், கரடி என்று முப்பது பேர். சேர்ந்த காசு அத்தனையும் விஜயதசமி அன்று அம்மன் உண்டியலுக்குப் போயிற்று.

அக்டோபர் 2 சூரசம்ஹாரத்துக்கு மும்பையில் கடை வைத்திருக்கும் பெரியப்பா குடும்பம், சிவகாசி சித்தி, கோயம்புத்தூரிலிருந்து நான் என்று எல்லாரும் வந்துவிட்டோம். தாத்தாவின் பதினாறாம் நாளுக்குப் பிறகு 23 பேரும் ஒரே வீட்டில் கூடியது அன்றைக்குத்தான். 84 வயது ஆச்சியை அந்தக் கூட்டத்துக்கு நடுவே கடற்கரைக்குக் கூட்டிப் போக முடியுமா என்று எல்லாரும் யோசித்தோம். "என்னைய விட்டுட்டுப் போனா நான் நடந்தே வந்துருவேன்" என்றாள்.

இதையெல்லாம் படமாக வைத்துக்கொள்ளத்தான் ஆள் பேசினேன். இரண்டு போட்டோகிராபர், ஒரு வீடியோ, ட்ரோன், நாற்பது பக்க ஆல்பம், மொத்தம் 28,000 ரூபாய். அட்வான்ஸ் 20,000 ஜிபேயில் போட்டேன். எழுத்தில் எதுவும் கிடையாது, பேசியது எல்லாம் போனில்தான். ஸ்டூடியோக்காரர் அனுப்பிய சாம்பிள் படங்களைப் பார்த்து வீட்டில் எல்லாரும் மயங்கிவிட்டோம். அதில் இரண்டு குலசையே இல்லை, வட கேரளத்துக் கோயில் ஆட்டமான தெய்யம் என்று கூகுள் லென்ஸில் போட்டுப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. வேறு யாரோ எடுத்தவை. அந்தக் கிரீடமும் முகத்தில் வரைகிற கோலமும் நம்மூர்க் காளிக்கு வராது. அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் ஒரே ஒரு நிமிஷம் நான் அதைச் செய்திருக்கலாம். நீங்களாவது செய்யுங்கள்.

வேடம் கட்ட ஆரம்பித்தது அதிகாலை நாலு மணிக்கு. ஆள் வந்தது பதினோரு மணிக்கு. இரண்டு பேர் வர வேண்டிய இடத்தில் இருபது வயதுப் பையன் ஒருவன், ஒரு கேமரா, ஒரு லென்ஸ், ஒரு மெமரி கார்டு. ட்ரோன் வரவே இல்லை. முகத்தில் சாயம் ஏறியது, கிரீடம் வைத்தது, முதுகில் காளியின் பொய்க்கைகளைக் கட்டியது எதுவும் எங்களிடம் கிடையாது. அந்தப் பையனைக் குற்றம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அவனுக்குப் பேசிய சம்பளம் 800 ரூபாய். காலையில் சாப்பிடாமல் வந்திருந்தான், அம்மாதான் இலை போட்டாள்.

மத்தியானம் முற்றத்தில் 23 பேரையும் நிறுத்தி ஒரு படம் எடுத்தான். கேமராத் திரையில் நானே பார்த்தேன். நடுவில் காளியாக உட்கார்ந்திருக்கிறான் தம்பி, அவன் மணிக்கட்டில் இருந்த காப்புக் கயிற்றை ஆச்சியின் விரல்கள் பிடித்திருக்கின்றன. யார் கண்ணும் மூடவில்லை.

ராத்திரி கடற்கரை. "ஓம் காளி, ஜெய் காளி" என்ற சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. சிம்ம வாகனத்தில் அம்மன் வந்து, மகிஷாசுரன் விழுந்து முடிந்த பிறகு ஆச்சி தம்பிக்கு முன்னால் வந்து நின்றாள். கால் மடங்காது அவளுக்கு. அப்படியும் மணலில் விழுந்து கும்பிட்டாள். "தாயே, எம்மவளக் காப்பாத்திக் குடுத்துட்ட தாயே" என்றாள் பேரனைப் பார்த்து. அவன் சூலத்தை ஊன்றிக் குனிந்து அவள் நெற்றியில் குங்குமம் வைத்தான். விதவையான பிறகு ஆச்சி நெற்றியில் குங்குமம் ஏறியதை நான் அன்றுதான் பார்த்தேன். ஃப்ளாஷ் மூன்று தடவை அடித்தது. அந்த மூன்றில் ஒன்றாவது கிடைக்கும் என்று அந்த நிமிஷமே மனசுக்குள் எண்ணி வைத்துக்கொண்டேன்.

மூன்று வாரம் ஸ்டூடியோவில் போனை எடுக்கவில்லை. அப்புறம் "கார்டு கரப்ட் ஆயிருச்சுக்கா" என்றார்கள். நேரில் போனபோது பையன் தலையைக் குனிந்துகொண்டு உண்மையைச் சொன்னான். மறுநாள் காலையிலேயே கார்டைக் கொடுத்துவிட்டானாம். கடையில் யாரும் காப்பி எடுக்கவில்லை. அன்று சாயங்காலமே ஃபார்மேட் போட்டு ஒரு ரிசப்ஷனுக்கு அனுப்பிவிட்டார்கள்.

சண்டை போட்டுக் கார்டை வாங்கி, திருநெல்வேலியில் டேட்டா ரெக்கவரி செய்கிற ஒருவரிடம் கொடுத்தேன். ஃபார்மேட் செய்தாலும் படம் உடனே அழியாது, அந்த இடத்தில் புதுப் படம் வந்து உட்காரும்போதுதான் போகும் என்றார். கார்டை அப்படியே எடுத்து வைத்திருந்தால் பெரும்பாலும் எல்லாமே கிடைத்திருக்குமாம். கிடைத்தது 11 படம். மிச்சமெல்லாம் யாரோ ஒரு மாப்பிள்ளையும் பொண்ணும். குரூப் போட்டோவில் மேல் பாதி மட்டும் வந்தது. கூரை ஓடும், வேப்பமரக் கிளையும், கிரீடத்தின் நுனியும். அதற்குக் கீழே சாம்பல் நிறம்.

இவ்வளவு நடந்த பிறகும் பணத்தோடு விட்டிருப்பேன். கடைக்காரர் சொன்ன ஒரு வார்த்தைதான் என்னை விடவில்லை. "தம்பிய இன்னொரு தடவ வேஷத்தப் போடச் சொல்லுங்கக்கா. ஆச்சியையும் கூட்டிட்டு வாங்க, பேக்ரவுண்ட் மாத்தி ஸ்டூடியோலயே சூப்பரா எடுத்துத் தந்துருதேன்."

கல்யாணப் படம் கெட்டுப்போனால் பட்டுச்சேலையைக் கட்டிக்கொண்டு மறுபடியும் நிற்கலாம். மனசு கஷ்டப்படும், ஆனால் செய்யலாம். இது நேர்ச்சை. சம்ஹாரம் முடிந்து, மறுநாள் காப்பு அவிழ்த்து, மாலையைக் கழற்றிய பிறகு அவன் காளி இல்லை, என் தம்பி. விரதமில்லாத உடம்பில் ஒரு போட்டோவுக்காக அந்த வேடத்தை ஏற்றச் சொல்ல எந்த வீட்டிலும் வாய் வராது. குலசைக் கூட்டத்தில் வருஷா வருஷம் சம்பாதிக்கிற ஒரு மனுஷனுக்கு இது தெரியவில்லை என்றால், அவர் கேமராவுக்கு முன்னால் நிற்பவர்களை ஒருநாளும் பார்த்ததே இல்லை என்றுதான் அர்த்தம்.

இந்த வருஷம் ஆள் பேசப் போகிறவர்கள், நேரில் வரப்போவது யார் என்பதை முதலில் கேளுங்கள். பொறுக்கி எடுத்த பத்துப் படத்தைப் பார்த்து முடிவு செய்யாமல், ஒரே சம்ஹார ராத்திரியில் அவர் எடுத்த மொத்தப் படங்களையும் காட்டச் சொல்லுங்கள். இருட்டிலும் ஆட்டத்திலும் அவர் கை எப்படி என்று அதில் தெரிந்துவிடும். ஒரே நேரத்தில் இரண்டு கார்டில் பதிகிற கேமராவா என்று கேளுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, ஆள் கிளம்புவதற்கு முன்னால் உங்கள் லேப்டாப்பில் ஒரு காப்பி போட்டுக்கொள்ளுங்கள். பதினைந்து நிமிஷ வேலை. "அதெல்லாம் தரமாட்டோம், படம் எங்க சொத்து" என்பார்கள். வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாவிட்டால், காசு கொடுத்து எடுக்கச் சொன்னவருக்குத்தான் படத்தின் உரிமை என்று 1957 பதிப்புரிமை (காப்பிரைட்) சட்டத்தின் 17ஆம் பிரிவு சொல்கிறது. பேசியதை வாட்ஸ்அப்பில் எழுத்தாகப் போட்டு, "சரி" என்று ஒரு பதில் வாங்கி வையுங்கள். அட்வான்ஸ் பாதிக்கு மேல் வேண்டாம்.

நான் முதலில் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் பேசினேன். அதில் தீராததால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் போட்டிருக்கிறேன். கடை இருக்கும் ஊரில்தான் போட வேண்டும் என்று இல்லை, நாம் இருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், நான் கோயம்புத்தூரில் போட்டேன். கொடுத்த தொகை 5 லட்சம் வரைக்கும் கட்டணம் கிடையாது. ஏமாந்து இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். ஜிபே ரசீதும், "கரப்ட் ஆயிருச்சு" என்ற அவர்கள் மெசேஜும்தான் என்னிடம் இருக்கும் ஆதாரம்.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். 2025 அக்டோபர் 2 ராத்திரி சம்ஹாரம் முடிந்து கூட்டம் கலையும் நேரத்தில் கடற்கரையில் நின்றவர்கள் தயவுசெய்து உங்கள் போனைத் திறந்து பாருங்கள். உயரமான காளி, சிவப்புச் சேலை, இடது பக்கம் கொஞ்சம் சாய்ந்த கிரீடம். காலடியில் வெள்ளைச் சேலை கட்டிய வயசான ஆச்சி. பின்னால் தெரிகிற மாதிரி இருந்தாலும் போதும், கலங்கி இருந்தாலும் பரவாயில்லை. எனக்கு அனுப்புங்கள்.