திரையில் தெரியும் மீன், தூண்டிலில் ஏறும் மீன்: பாஸ் போட்டிப் படகில் ஆறு பருவங்கள்

தென்னாப்பிரிக்காவின் உம்கேனி ஆற்றின் குறுக்கே 1989இல் கட்டி முடிக்கப்பட்ட இனாண்டா அணையிலும், அதே ஆற்றில் பீட்டர்மாரிட்ஸ்பர்க் பக்கமாக இருக்கும் ஆல்பர்ட் ஃபால்ஸ் அணையிலும், ஆறு பருவங்களாக பாஸ் என்னும் நன்னீர் மீனைப் பிடிக்கும் எங்கள் மன்றத்தின் போட்டிகளில் கலந்துகொண்டு வருகிறேன். ஒரு படகில் இருவர் போவோம். என் துணைவர் வெருலத்தைச் சேர்ந்தவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவராதலால் அண்ணன் என்றே அழைப்பேன். பிடிக்கும் மீன்களில் எடை மிகுந்த ஐந்தை மட்டும் படகுத் தொட்டியில் உயிரோடு வைத்திருந்து, எடை பார்த்ததும் மீண்டும் தண்ணீரில் விடுவதே போட்டியின் முறை. இந்த ஆறு பருவங்களில் கருவிகளுக்காக நான் செலவிட்ட தொகை, படகுக்குக் கொடுத்த விலையைத் தாண்டிவிட்டது. எது அந்தப் பணத்துக்குத் தகுந்தது, எது தகவில்லை என்பதை இப்போதுதான் ஓரளவு தெளிவாகச் சொல்ல முடிகிறது.

தொடக்கத்தில் என்னிடம் இருந்தது ஐந்து அங்குலத் திரை கொண்ட சாதாரண சோனார் மட்டுமே. அமெரிக்காவில் கார்ல் லோரன்ஸ் 1950களின் இறுதியில் விளையாட்டு மீன்பிடிப்போருக்காகச் சந்தைக்குக் கொண்டுவந்த சிறு பெட்டியின் வழிவந்த கருவிதான் இதுவும். ஒலித்துடிப்பை அனுப்பி, எதிரொலி திரும்பிவரும் நேரத்தை அளந்து ஆழத்தைக் காட்டும் அடிப்படை மாறவில்லை. முதல் பருவம் முழுவதும் அந்தத் திரையை நான் தவறாகவே படித்துக்கொண்டிருந்தேன். திரையில் இடமிருந்து வலமாக ஓடுவது தூரம் அன்று, காலம்; படகு அசையாமல் நின்றாலும் படம் ஓடிக்கொண்டே இருக்கும். 200 கிலோஹெர்ட்ஸ் ஒலி ஏறத்தாழ இருபது பாகைக் கூம்பாக விரிவதால், ஒன்பது மீட்டர் ஆழத்தில் அது தொடும் வட்டத்தின் விட்டம் மூன்று மீட்டர்தான் இருக்கும். அந்த வட்டத்துக்குள் எந்த மூலையில் மீன் நின்றாலும் திரை அதை நடுவில் நிற்பதுபோலவே காட்டும். இதை உணரும்வரை, படகுக்கு நேர் கீழே மீன் இருக்கிறது என்று நம்பி எத்தனை காலைகளை வீணாக்கினேன் என்பதற்குக் கணக்கில்லை.

மூன்றாம் பருவத்தில் பக்கவாட்டு சோனார் வாங்கினேன். இதுவரை வாங்கியவற்றில் முழு மனநிறைவு தந்தது இது ஒன்றுதான். படகு மணிக்கு ஐந்தாறு கிலோமீட்டர் வேகத்தில் நேர்கோட்டில் செல்ல, இருபுறமும் முப்பது மீட்டர்வரை அடித்தளம் ஒரு புகைப்படம்போல விரிகிறது. கோடை மழைக்குப் பிறகு தண்ணீர் தேநீர் நிறத்துக்கு மாறியிருந்தாலும் ஒலிக்கு அது தடையில்லை. பாறை, மரத்தண்டு, மீன் ஆகியவை வெண்மையாகவும், அவற்றின் பின்னால் ஒலி எட்டாத இடம் கறுப்பு நிழலாகவும் விழும். மீனுக்கும் அதன் நிழலுக்கும் இடையே உள்ள இடைவெளியைக் கொண்டு அது தரையிலிருந்து எவ்வளவு மேலே நிற்கிறது என்று கணிக்கலாம். 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு பழைய இடங்கள் பலவற்றில் மண் மூடியிருந்ததையும், புதிதாக வந்து படிந்த மரங்களையும் இரண்டே நாட்களில் குறித்துக்கொள்ள முடிந்தது இதனால்தான்.

இனாண்டாவில் இந்தக் கருவி வேறொன்றையும் காட்டியது. மேற்குக் கரையை ஒட்டி ஏழு மீட்டர் ஆழத்தில் செங்கோணமாகச் சந்திக்கும் இரண்டு கோடுகள் திரையில் எழுந்தன. இயற்கையில் அப்படி நேர்கோடு அமைவதில்லை. அணை கட்டப்பட்டபோது இந்தப் பள்ளத்தாக்கில் வாழ்ந்த குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன என்பது இங்குள்ளோர் அனைவரும் அறிந்ததே. அது ஒரு வீட்டின் அடித்தளக் கல்லாகத்தான் இருக்க வேண்டும். அந்த மூலையில் இரண்டு கிலோவுக்கு மேற்பட்ட மீன்களை நாங்கள் பலமுறை பிடித்திருக்கிறோம். அண்ணன் அந்த இடத்தைக் கருவியில் எண்ணால் குறிக்காமல் "வீடு" என்றே பதிந்து வைத்திருக்கிறார்.

இடங்களைக் குறித்து வைப்பதன் அருமை, பழைய ஆட்களிடம் கேட்டால்தான் புரியும். 2000ஆம் ஆண்டு மே மாதம்வரை பொதுமக்களுக்கான ஜி.பி.எஸ். குறிகையில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே பிழையைக் கலந்து வந்ததால், குறித்த இடம் நூறு மீட்டர்வரை விலகிப்போகக்கூடும். அக்காலத்தில் கரையில் ஒரு மரத்தையும் மலையில் ஒரு கம்பத்தையும் நேர்கோட்டில் வைத்துத்தான் இடம் பிடித்தார்கள். இன்று அதே குறிகையைக் கொண்டு படகின் முன்பக்க மின்மோட்டார் தானாகவே திசையும் விசையும் மாற்றி, நங்கூரம் இல்லாமல் ஓரிடத்தில் படகை நிறுத்திவைக்கிறது. பிற்பகலில் இனாண்டாவில் எழும் காற்றை அறிந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. அதன் எதிரி ஆகாயத்தாமரைதான்; அது மிதந்து வந்து இறக்கையில் சுற்றிக்கொண்டால் மோட்டார் முனகும், பேட்டரி விரைவாக வற்றும்.

பேட்டரியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் கருவி வாங்குவோர் யாரும் முதலில் இதை நினைப்பதில்லை. மின்மோட்டாருக்கு 24 வோல்ட் வேண்டும் என்பதால் நூறு ஆம்பியர்-மணி அளவுள்ள ஈய-அமில பேட்டரிகள் இரண்டை வைத்திருந்தேன். ஒவ்வொன்றும் முப்பது கிலோவுக்குச் சற்றுக் குறைவு. 2022, 2023ஆம் ஆண்டுகளில் மின்தடை நாளுக்குப் பலமுறை வந்தபோது, இரவு முழுவதும் மின்னேற்றம் தேவைப்படும் இவை அரைகுறையாகவே நிரம்பின; அரைகுறையாக நிரம்பிய ஈய பேட்டரியின் தகடுகளில் சல்பேட் படிந்து அதன் ஆயுள் குறையும் என்பதை இரண்டு பேட்டரிகளையும் இழந்த பிறகே கற்றேன். லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகைக்கு மாறியதும் எடை பாதிக்கும் கீழாகக் குறைந்தது, மின்தடைகளுக்கு இடையே கிடைத்த சில மணி நேரமும் போதுமானதாயிற்று. ஆனால் இதற்கும் ஒரு குணம் உண்டு: மின்னழுத்தம் கடைசிவரை குறையாமல் நின்று, முடிவில் எச்சரிக்கையே இல்லாமல் அறுந்துபோகும். ஆல்பர்ட் ஃபால்ஸில் ஒருமுறை எடைபார்க்கும் இடத்துக்கு வெகு தொலைவில் மோட்டார் இப்படி நின்றுபோனது. திரைகளுக்குத் தனி பேட்டரி வைப்பதும், அவற்றின் கம்பிகளை மோட்டார்க் கம்பிகளோடு சேர்த்துக் கட்டாமல் விலக்கி இழுப்பதும் இன்றியமையாதவை. இல்லாவிடில் மோட்டாரை மிதிக்கும்போதெல்லாம் திரையில் கோடு கோடாக மழை பெய்யும்.

ஐந்தாம் பருவத்தில்தான், படகுக்கு முன்னால் நீந்தும் மீனை அந்தக் கணத்திலேயே அசையும் படமாகக் காட்டும் நேரலை முன்னோக்கு சோனார் வாங்கினேன். கார்மின் நிறுவனத்தின் லைவ்ஸ்கோப் 2018இல் வெளிவந்ததிலிருந்து போட்டி உலகமே இதைப் பற்றித்தான் பேசுகிறது. கனடாவைச் சேர்ந்த ஜெஃப் கஸ்டஃப்சன் 2023இல் அமெரிக்காவின் டென்னசி ஆற்றில், பாஸ் மீன்பிடியின் பெரும் போட்டியான பாஸ்மாஸ்டர் கிளாசிக் பட்டத்தை வென்றபோது, இவ்வகைத் திரையில் மீனைப் பார்த்தபடியே அதன் தலைக்கு மேல் இரையை அசையாமல் நிறுத்தி அதை மேலே வரவழைத்தார். இது மீன்பிடியா, காட்சி விளையாட்டா என்ற சர்ச்சை முற்றி, 2025இல் பாஸ்மாஸ்டர் எலைட் தொடர் படகுக்கு ஒரே ஒரு முன்னோக்கு உணரிதான் இருக்கலாம் என்றும், எல்லாத் திரைகளும் சேர்ந்து 55 அங்குலத்தைத் தாண்டக் கூடாது என்றும் வரம்பு கட்டியது. மற்றொரு பெரிய போட்டி அமைப்பான எம்.எல்.எஃப். (மேஜர் லீக் ஃபிஷிங்), தன் முதன்மைத் தொடரில், நாளின் மூன்று கட்டங்களில் ஒன்றில் மட்டும் அதை அனுமதித்தது.

என் அனுபவம் அவ்வளவு வீரமானதன்று. முதல் மாதத்தில் ஒரு பெரிய மீனை முக்கால் மணி நேரம் துரத்தினேன். இரை இறங்கும்போது அது திரும்புவதும், நெருங்குவதும், பின் விலகுவதும் திரையில் துல்லியமாகத் தெரிந்தன. கடைசியில் தூண்டிலில் ஏறியது பார்பல் என்று இங்கே சொல்லப்படும் கெளுத்தி. ஆறு கிலோ, எடைக்கணக்கில் பூஜ்யம். அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் கூடுதல் வேதனை. இன்று அசைவை வைத்து ஓரளவு பிரித்தறிகிறேன்: கெளுத்தி தரையை ஒட்டி நெளிந்து ஊரும், கெண்டை கூட்டமாகத் திரியும், பாஸ் மரத்தண்டின் பக்கத்தில் அசையாமல் நின்று திடீரென்று எழும். இருந்தாலும் மீன் இருப்பது தெரிவதும் அது இரையெடுப்பதும் வேறு வேறு. கடிக்காத மீனைப் பார்த்துக்கொண்டே இருக்கச் செய்வதில் இந்தக் கருவிக்கு நிகரில்லை. முன்பு பத்து நிமிடத்தில் விட்டு நகரும் இடத்தில் இப்போது ஒரு மணி நேரம் நிற்கிறேன். பதினான்காம் மாதத்தில் உணரியின் கம்பிக்குள் நீர் புகுந்து அது செயலிழந்தது. விற்ற கடை அதை அனுப்பி மாற்றித் தர நான்கு மாதம் எடுத்துக்கொண்டது. அந்த நான்கு மாதங்களில் எங்கள் எடை குறையவில்லை என்பதையும் நேர்மையாகப் பதிவு செய்ய வேண்டும்.

கருவிகளுக்கு ஏறக்குறைய வேலையே இல்லாத காலமும் ஒன்று உண்டு. இங்கே செப்டம்பர், அக்டோபர் வசந்தம். தண்ணீர் சூடேறியதும் பாஸ் கரையோர ஆழமற்ற நீரில் முட்டையிட வரும். அதே காலத்தில்தான் புரட்டாசியும் வரும். வீட்டில் மாதம் முழுவதும் மரக்கறிதான். மீனை உண்பதற்காக அன்று, திரும்ப விடுவதற்காகவே பிடிக்கிறோம் என்று எத்தனை முறை சொன்னாலும் அம்மா அதை ஏற்பதில்லை, ஆகையால் அந்த மாதத்துப் போட்டிகளில் நான் படகு ஓட்டுவேன், அண்ணன் மட்டும் தூண்டில் போடுவார். எல்லாத் திரைகளையும் அணைத்துவிட்டு, ஒளித்தெறிப்பைத் தடுக்கும் கண்ணாடி அணிந்து அவர் கரையோரத்தைக் கண்ணாலேயே தேடுவார். சென்ற புரட்டாசியில் எங்கள் மன்றத்தின் பருவத்திலேயே மிகுந்த எடையை அப்படித்தான் கொண்டுவந்தார்.

இப்போது ஒரே ஒரு கருவி வாங்கப் பணம் இருப்பவருக்குப் பக்கவாட்டு சோனாரையும், இரண்டுக்கு இருப்பவருக்கு அதோடு நங்கூர மோட்டாரையும் நல்ல பேட்டரியையும் தயங்காமல் பரிந்துரைப்பேன். நேரலை சோனாரை இன்னும் விற்கவில்லை. கோடை நடுவில் மீன்கள் ஆழத்துக்குப் போகும் ஜனவரி, பிப்ரவரி போட்டிகளுக்கு மட்டும் படகில் பூட்டுகிறேன், மற்ற மாதங்களில் அது வண்டிக்கொட்டகை அலமாரியில் இருக்கிறது.