குறுவைக்கு 110 நாள், ரீசார்ஜுக்கு 84 நாள்: மொபைல் ஸ்டார்ட்டர், நான்கு குறுவைக்குப் பிறகு

நீடாமங்கலம் பக்கத்து நண்பர் ஒருவர் கேட்ட கேள்வி இது: "மொபைல் ஸ்டார்ட்டர் போடலாமா? சிம் செலவு கட்டுப்படியாகுமா?" மொபைல் ஸ்டார்ட்டர் என்பது உள்ளே ஒரு சிம்மோடு இருக்கும் பெட்டி; போனில் கூப்பிட்டே பம்புசெட் மோட்டாரைப் போடலாம், நிறுத்தலாம். கேள்வியின் முதல் பாதிக்கு ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம். இரண்டாம் பாதிக்குத்தான் இவ்வளவு எழுத வேண்டியிருக்கிறது.

பயன்பாட்டில் இருப்பது 5 எச்பி சப்மெர்சிபிள், நேரடி ஸ்டார்ட்டர், அதன் பக்கத்தில் 2022 தொடக்கத்தில் மாட்டிய மொபைல் ஸ்டார்ட்டர், அதாவது ஜிஎஸ்எம் பெட்டி. விலை 6,800 ரூபாய். நான்கு குறுவை ஓடிவிட்டது. இப்போது உள்ளே இருந்த 2ஜி போர்டை எடுத்துவிட்டு 4ஜி போர்டு போட்டாகிவிட்டது, அதற்கு 2,600. கம்பெனி பெயர் வேண்டாம். சந்தையில் இருக்கும் எல்லாப் பெட்டிக்கும் வேலை ஒன்றுதான், குறையும் ஏறக்குறைய ஒன்றுதான்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். டெல்டாவில் மோட்டார் கொட்டகை வீட்டு வாசலில் இருப்பதில்லை. நாலு வரப்பு, ஒரு வாய்க்கால் தாண்டிப் போக வேண்டும். மும்முனை மின்சாரம் ராத்திரி இரண்டு மணிக்கு வந்தால், டார்ச்சும் கையுமாக அந்த வரப்பில் நடக்க வேண்டும். நடவு முடிந்த வயலில் தவளை இருக்கும், தவளை இருக்கிற இடத்தில் பாம்பும் இருக்கும். இந்த நடையை ஒரு பெட்டி நிறுத்தியிருக்கிறது என்றால் அதற்கு 6,800 ரூபாய் கொடுத்தது தகும். வயதானவர்கள் பார்க்கும் வயலுக்கும், பெண்கள் தனியாக நின்று பார்க்கும் வயலுக்கும் இது இன்னும் பெரிய காரியம்.

எதிர்பாராமல் கிடைத்த சந்தோஷமும் ஒன்று உண்டு. மோட்டாரைப் போடுவதைவிட, கரண்ட் வந்ததைச் சொல்வதுதான் இந்தப் பெட்டியின் பெரிய உபகாரம். மூன்று ஃபேஸும் வந்ததும் அதுவே கூப்பிட்டுத் தமிழில் சொல்கிறது. நாம் கூப்பிட்டால் ஆர்-ஒய், ஒய்-பி, பி-ஆர் என்று மூன்று வோல்ட்டேஜையும் வாசிக்கிறது. 392, 388, 395 என்று கேட்டால் தைரியமாகப் போடலாம். ஒன்று மட்டும் சரியாக இருந்து மற்ற இரண்டும் மிகவும் இறங்கியிருந்தால் ஒரு ஃபேஸ் இல்லை என்று பொருள். பெட்டியே ஸ்டார்ட் பண்ண மறுத்துவிடும். ஒற்றை ஃபேஸ் போய் வைண்டிங் எரிவதுதான் இந்தப் பக்கத்தில் மோட்டார் சாகிற முதல் காரணம். நான்கு ஆண்டில் ஒருமுறைகூட மோட்டாரை வெளியே தூக்க வேண்டி வரவில்லை.

இணைப்பில் ஒன்றைக் கண்ணால் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். பெட்டிக்குள் மோட்டாரைப் போடும் சுவிட்சான ஆன் ரிலேயின் இரண்டு கம்பிகள் பச்சைப் பட்டனுக்குப் பக்க இணைப்பாகவும், நிறுத்தும் ஆஃப் ரிலே சிவப்புப் பட்டனுக்குத் தொடர் இணைப்பாகவும் போயிருக்க வேண்டும். அப்படி இருந்தால் பெட்டி செத்தாலும் கையால் போட்டு நிறுத்தலாம். சில எலக்ட்ரீஷியன்கள் அவசரத்தில் பட்டன் கம்பியைக் கழற்றிவிட்டு நேராகப் பெட்டிக்கே கொடுத்துவிடுகிறார்கள். ஒருநாள் பெட்டி முடங்கினால் நாற்று காயும்.

தண்ணீர் இல்லாமல் மோட்டார் ஓடினால் நிறுத்தும் ட்ரை ரன் செட்டிங்கைக் கடைக்காரர் வைத்தபடி விடக் கூடாது. போரில், அதாவது ஆழ்துளைக் கிணற்றில், தண்ணீர் நிறைந்து ஓடும்போது கிளாம்ப் மீட்டர் வைத்து ஆம்பியர் பாருங்கள். 7.8 ஓடினால் ட்ரை ரன்னை 6க்குப் பக்கத்தில் வையுங்கள். மே மாதம் நீர்மட்டம் இறங்கி பம்ப் காற்றை இழுக்கும்போது முள் 5க்கும் 7க்கும் இடையில் ஆடும். அப்போது அது நிறுத்த வேண்டும். நிறுத்தியதும் உடனே திரும்பப் போடவும் கூடாது, போர் ஊற 30 முதல் 45 நிமிடம் இடைவெளி கொடுங்கள். கண்டன்சர் மாற்றினாலும், மோட்டாருக்கு ரீவைண்டிங் செய்தாலும், இந்த எண்களை மறுபடி வைக்க வேண்டும். வோல்ட்டேஜ் மாறினால் ஆம்பியரும் மாறும் என்பதால் சாயங்காலம் ஒருமுறை, நடு இரவில் ஒருமுறை பார்த்து இரண்டுக்கும் பொருந்துகிற எண்ணாக வைப்பது நல்லது.

ஆட்டோ முறை இன்னும் கவனமாகக் கையாள வேண்டியது. கரண்ட் வந்ததும் தானே ஓடும் என்பது வசதிதான். ஆனால் ஒரே ட்ரான்ஸ்பார்மரில் இருக்கும் பத்துப் பன்னிரண்டு மோட்டாரும் ஒரே நொடியில் எழுந்தால் வோல்ட்டேஜ் படுத்துவிடும், ட்ரான்ஸ்பார்மர் ஃபியூஸ் போகும், பிறகு லைன்மேன் வரும்வரை யாருக்கும் தண்ணீர் இல்லை. எல்லாப் பெட்டியிலும் ஸ்டார்ட் தாமதம் என்று ஒரு செட்டிங் உண்டு. பக்கத்து வயல்காரர்களோடு பேசி ஒருவர் 30 நொடி, அடுத்தவர் 60, அதற்கடுத்தவர் 90 என்று பிரித்துக்கொண்டால் இந்தத் தொல்லை தீர்ந்தது. கொட்டகையில் யாராவது வேலை செய்தால் மெயினை இறக்கி ஃபியூஸ் கேரியரைக் கையோடு எடுத்துக்கொள்ள வேண்டும். ஆஃப் சொல்லியாகிவிட்டது என்பது போதாது.

காய்ச்சலும் பாய்ச்சலுமாக, வயலைக் காயவிட்டுக் காயவிட்டுத் தண்ணீர் கட்டுகிறவர்களுக்கு டைமர் வரப்பிரசாதம். வயலில் மயிர்க்கோடு போல வெடிப்பு தெரிந்ததும் மா (நில அளவு) ஒன்றுக்கு எவ்வளவு நேரம் ஓடினால் போதும் என்று இரண்டு தடவை பார்த்து வைத்துக்கொண்டால், பிறகு அந்த நேரத்தை மட்டும் கொடுக்கலாம். மின்சாரம் இலவசம் என்பதற்காக விடிய விடிய ஓடவிட்டால் இறங்குவது நம் போர்தான். கடலோரப் பக்கம், வேதாரண்யம் தலைஞாயிறு மாதிரி ஊர்களில், அதிகம் இழுத்தால் உப்பு ஏறும்.

இனி சிம்முக்கு வருகிறேன்.

இந்தப் பெட்டி ஒரு நாளைக்கு நாலைந்து அழைப்பு வாங்கும், ஒவ்வொன்றும் பத்து இருபது விநாடி. டேட்டா தேவையில்லை. அதற்கு ஆண்டு முழுவதும் ஒரு மனிதர் பேசும் போனுக்கு ஆகிற ரீசார்ஜ் ஆகிறது. 28 நாள் திட்டம் என்றால் ஆண்டுக்கு 13 முறை. அதோடு கொடுக்கும் டேட்டாவை இந்தப் பெட்டி தொடுவதே இல்லை. 2024 டிசம்பரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் திருத்திய விதி வந்தபோது உண்மையிலேயே நம்பிக்கை பிறந்தது. குரலுக்கும் எஸ்எம்எஸ்ஸுக்கும் மட்டும் தனி ரீசார்ஜ் வைத்தாக வேண்டும் என்றார்கள். சிறப்பு ரீசார்ஜின் உச்ச காலத்தையும் 90 நாளிலிருந்து 365 நாளாக நீட்டினார்கள். அடுத்த மாதமே திட்டங்கள் வந்தன. 2025 தொடக்கத்து விலைப்படி ஏர்டெல்லில் 84 நாளுக்கு 469 ரூபாய், 365 நாளுக்கு 1,849. ஜியோவில் 84 நாளுக்கு 448, 336 நாளுக்கு 1,748. விதி கேட்டது தனித் திட்டம், அது கிடைத்தது. விலை மட்டும் எதிர்பார்த்த அளவு இறங்கவில்லை. 1,849 வீதம் நான்கு ஆண்டுக்குக் கூட்டினால் 7,396 ரூபாய். பெட்டியின் விலையே 6,800.

பணத்தைவிட எரிச்சலூட்டுவது நாள் கணக்கு. ஆடுதுறை 43 மாதிரி குறுவை ரகங்களுக்கு வயது ஏறத்தாழ 110 நாள். மே 20 அன்று நாற்றங்கால் விட்டு அன்றைக்கே 84 நாள் ரீசார்ஜ் செய்தால் அது ஆகஸ்ட் 11 அன்று முடியும். பயிர் செப்டம்பர் 6 வரை நிற்கும். ஆகஸ்ட் இரண்டாம் வாரம் என்பது கதிர் வெளிவந்து பால் பிடிக்கிற நேரம். அப்போது தண்ணீர் தவறினால் பதராகும். சரியாக அந்த வாரத்தில் இந்தப் பெட்டி ஊமையாகும்.

ஊமையாவதை அது நமக்குச் சொல்லவும் முடியாது. "உங்கள் திட்டம் முடியப்போகிறது" என்ற எஸ்எம்எஸ் யாருக்குப் போகும்? பெட்டிக்குள் இருக்கும் சிம்முக்குப் போகும். கொட்டகையில், தகரப் பெட்டிக்குள், படிக்க யாருமில்லாத இடத்தில் நினைவூட்டல்கள் குவிந்து கிடக்கும். போர்டு மாற்றியபோது அந்த சிம்மை ஒரு போனில் போட்டுப் பார்த்தால் வரிசையாக அவைதான். நமக்குத் தெரிவது, மோட்டாருக்குப் போன் அடித்து அழைப்பு போகாதபோதுதான். அந்த நேரம் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தால் நிறுத்தவும் வழியில்லை. அதனால் அதிகபட்ச ஓட்ட நேரம் என்ற செட்டிங்கில் 4 மணி நேரமாவது வைத்துவிடுங்கள். ரீசார்ஜ் போனாலும் அதுவாக நிற்கும்.

இதற்கு நடைமுறையில் செய்யக்கூடியது: பெட்டி எண்ணை உங்கள் போனிலுள்ள ரீசார்ஜ் செயலியில் சேர்த்துக்கொள்ளுங்கள். முடியும் தேதிக்கு ஐந்து நாள் முன்னதாகப் போன் காலண்டரில் ஒரு அலாரம். தேதியைக் கொட்டகைச் சுவரிலும் எழுதிவையுங்கள், ஆள் மாறினாலும் தெரியும். ஐப்பசி மழையில் மோட்டாருக்கு வேலையில்லாத மாதங்களில் ரீசார்ஜ் இல்லாமல் விடுவதானால், 90 நாள் பயன்பாடே இல்லாவிட்டால் எண் போய்விடலாம் என்ற கணக்கை மறக்காதீர்கள். கணக்கில் 20 ரூபாயாவது இருந்தால் எண்ணைக் காப்பாற்றிக்கொள்ள வழியிருக்கிறது, ஆனால் திட்டம் முடிந்தால் இன்கமிங் நிற்கும். எடுக்கப்படாத மிஸ்டு காலைப் பயன்பாடு என்று நம்பி இருந்துவிட வேண்டாம். எண் போய்விட்டால் புது சிம் வாங்கி எல்லா எண்ணையும் மறுபடி பதிய வேண்டும். அந்தப் புது எண் முன்பு வேறு யாருடையதாகவோ இருந்தால் கடன் வசூல் அழைப்புகள் பெட்டிக்கு வந்துகொண்டே இருக்கும்; நாம் கூப்பிடும்போது லைன் பிஸி என்று வரும்.

2018 முதல் இயந்திரங்களுக்கென்றே 13 இலக்க எண்கள் இந்த நாட்டில் உண்டு. ஒரு விவசாயி கடையில் போய், மோட்டாருக்கு அப்படி ஒரு சிம் கொடுங்கள் என்று வாங்கும் வழி இல்லை; அது நிறுவனங்கள் மொத்தமாக எடுப்பது. பம்புசெட்டுக்கு மின்சாரம் இலவசம் என்று 1990இலிருந்து கொடுத்துவருகிற மாநிலம் இது. இந்தக் கருவிக்கே வேளாண் பொறியியல் துறை மானியம் தருகிறது: சிறு, குறு, ஆதிதிராவிடர், பழங்குடியினர், பெண் விவசாயிகளுக்குப் பாதி விலை, உச்சம் 7,000 ரூபாய், மற்றவர்களுக்கு 40 சதவீதம், உச்சம் 5,000. மானியம் கருவியோடு நின்றுவிடுகிறது. கருவியை விற்கும்போதே 13 இலக்க சிம்மைப் போட்டு, ஐந்தாண்டுக் கட்டணத்தை விலையில் சேர்த்துக் கொடுக்கச் சொல்லி மானிய விதியில் ஒரு வரி சேர்த்தால் போதும். இதைக் கேட்பது பேராசை இல்லை.

4ஜி போர்டு பற்றியும் ஒரு எச்சரிக்கை. பழைய போர்டு போனது, கொட்டகை ஈரத்தில் சிம் ஸ்லாட்டில் களிம்பு ஏறியதால். புதிது வாங்கும்போது "4ஜி" என்ற ஸ்டிக்கரை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம். சில போர்டுகளில் வோல்ட்டி எனப்படும் 4ஜி குரல் வசதி இருக்காது. அழைப்பு வந்தால் 2ஜிக்குத்தான் இறங்கும். கடையிலேயே ஒரு ஜியோ சிம்மைப் போட்டு அழைத்துப் பாருங்கள். ஜியோவுக்கு 2ஜி கிடையாது என்பதால், மணி அடித்துப் பேசினால் வசதி உண்மையாகவே இருக்கிறது. ஆன்டெனாவைத் தகரக் கூரைக்கு மேலே, வயரின் இணைப்பு கீழ்நோக்கி இருக்கும்படி பொருத்துங்கள். பெட்டியின் கம்பி ஓட்டைகளை எம்-சீல் வைத்து அடையுங்கள். எறும்பும் பல்லியும் ரிலேக்குள் போவது அப்போதுதான் நிற்கும். எர்த் குழியில் கோடையில் வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். களிமண் வெடித்தால் எர்த் பிடிக்காது, ஐப்பசி இடிக்குப் போர்டு தாங்காது.

நண்பருக்குப் பதில்: இந்தக் குறுவைக்கு வாங்க வேண்டாம். மேலே இவ்வளவு நல்லது சொல்லிவிட்டு இப்படிச் சொல்வது முரணாகப் படலாம். கொட்டகை கூப்பிடு தூரத்தில் இருப்பவருக்கு ஒற்றை ஃபேஸ் தடுப்பானும் டைமரும் போதும், சிம் என்ற பேச்சே வராது. தூரத்து வயல், ராத்திரிக் கரண்ட் என்றால் வேறு வழியில்லை, வாங்கித்தான் ஆக வேண்டும். எங்கள் பெட்டியைக் கழற்றப்போவதில்லை. மேட்டூர் 2024இல் ஜூலை 28 அன்றுதான் திறந்தது. அதுவரை நாற்று நின்றது இந்தப் போர்த் தண்ணீரில். ஆனாலும் ஒவ்வொரு ஆண்டும் இன்னொருவர் பணம் கட்டி இந்த விலையைச் சரியென்று ஆக்குவதற்குப் பரிந்துரை செய்ய மனம் வரவில்லை.

வாங்கியே தீருவதென்றால் ரீசார்ஜை நாற்றங்கால் விடும் நாளில் செய்யாதீர்கள். முதல் மூன்று வாரம் நாற்றங்காலுக்கு எப்படியும் நேரில் போய்த்தான் நிற்பீர்கள், பட்டனைக் கையால் போட்டுக்கொள்ளலாம். ஜூன் 12 நடவுக்குப் போட்டால் 84 நாள் செப்டம்பர் 3 வரை வரும். அறுவடைக்குத் தண்ணீர் வடிப்பது அதற்குள் முடிந்திருக்கும்.